திறைசேரியின் திறவுகோல்

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாட்டையும் 148ஆம் உறுப்புரை வாயிலாகப் பாராளுமன்றத்திற்கே வழங்கியுள்ளது. இதனைச் சுட்டி, மக்கள் பிரதிநிதிகளின் இசைவின்றி இந்நாட்டில் ஒரு சதமேனும் செலவாகாது என வாதிப்போர் உளர். அவர்தம் வாசிப்பு அவ்வுறுப்புரையோடு நின்றுவிடுகின்றது போலும்.

150ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி கூறுவது யாது? ஒதுக்கீட்டுச் சட்டமூலம் நிறைவேறுமுன் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைப்பின், புதிய பாராளுமன்றம் கூடுமாறு அழைக்கப்பெற்ற நாளிலிருந்து மூன்று மாதம் முடியும்வரை, பொதுச் சேவைகளுக்கு வேண்டுமெனத் தாம் கருதும் தொகையைத் திரட்டு நிதியத்திலிருந்து பெற அவரே அதிகாரமளிக்கலாம். சபையைக் கலைப்பவரும் அவரே. அது இல்லாதபோது செலவுக்கு ஆணையிடுபவரும் அவரே.

2020ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்கே இடைக்காலக் கணக்கறிக்கை நிறைவேற்றப்பட்டிருந்தது. மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பெருந்தொற்றினால் பிற்போடப்பட்ட தேர்தல் ஓகஸ்ட் 5ஆம் திகதி நடைபெற்றது; புதிய சபை 20ஆம் திகதி கூடியது. ஏப்பிரில் 30இன் பின் மூன்றரை மாதங்களுக்கு மேலாகச் சபையின் வாக்கின்றியே அரசு செலவிட்டது. 148ஆம் உறுப்புரை ஏட்டுச் சுரைக்காயாயிற்று.

இடர் வேளையில் சபைக்காகக் காத்திருத்தல் இயலுமா என வினவுவர். காத்திருக்க வேண்டியதேயில்லை. அவசர நிலையில், கலைக்கப்பட்ட பாராளுமன்றத்தை மீளக் கூட்ட 70ஆம் உறுப்புரை வழிவகுத்துள்ளது. எதிர்க்கட்சியினர் அதனைக் கோரினர், சனாதிபதி இசையவில்லை. வழி இருந்தது, திறவுகோல் ஆட்சித்துறையிடம் இருந்தது.

சபை கூடியிருப்பின் யாது செய்யவல்லது என்பதற்கு 2018 சான்றாகும். சனாதிபதி நியமித்த பிரதமர் பெரும்பான்மையை நிறுவ இயலாதிருந்த நிலையில், பிரதமர் அலுவலகச் செலவை நிறுத்தும் பிரேரணை நவம்பர் 29ஆம் திகதி 123 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கேனும் விழவில்லை. பிரதமர் தரப்பினர் சபையைப் புறக்கணித்திருந்தனர். ஆயின், அம்மாதம் 9ஆம் திகதி பிறப்பிக்கப்பட்ட கலைப்பாணையை 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியிராவிடின், அவ்வாக்கெடுப்பே நிகழ்ந்திராது.

ஆதலின், கட்டுப்பாடு சபையினது எனச் சட்டத்தில் எழுதிவைப்பது போதாது; சபை கூடுவதும் உறுதிசெய்யப்படல் வேண்டும். அனுமதிக்கப்பட்ட நிதியின் காலம் முடியும் நாளில், கலைக்கப்பட்ட பாராளுமன்றம் எவருடைய அழைப்புமின்றித் தானாகவே கூடுமாறு 150ஆம் உறுப்புரை திருத்தப்படல் வேண்டும். அதுவரை சனாதிபதி அதிகாரமளித்த ஒவ்வொரு தொகையும் அச்சபையின் முன் வைக்கப்படல் வேண்டும். வரி செலுத்தும் மக்களுக்கு இதனிற் குறைந்த எதுவும் உரிமை ஆகாது.