ஸ்டவ் பின்னும் லாரி எஞ்சினும்

நாமக்கல் என்றதும் முதலில் ஆஞ்சநேயர் நினைவுக்கு வருவார். அடுத்தது முட்டை. மூன்றாவது லாரி! பக்கத்திலுள்ள சங்ககிரியையும் திருச்செங்கோட்டையும் சேர்த்துக்கொண்டால், லாரி ஓட்டுவது, பாடி கட்டுவது, ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டி அனுப்புவது என்று எத்தனையோ வீடுகளில் டீஸலை நம்பித்தான் உலை வைக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாள் ஒரு சின்னஞ்சிறு சாமானைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. அதன் பெயர் இஞ்செக்டர். பட்டறையில் 'நாசில்' என்பது அதன் நுனியைத்தான்.

பாட்டி காலத்துப் பம்ப் ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் ஆவியாகி ஊசித் துளை வழியே சீறி, நீலமாக எரியும். துளை அடைத்தால் சுவாலை மஞ்சளாகும். பாத்திரமெல்லாம் கரி பிடிக்கும். பாட்டி உடனே ஸ்டவ் பின்னைத் தேடுவாள். டீஸல் எஞ்சினின் சங்கதியும் ஏறக்குறைய இதுதான்.

அதில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? அதுபோல எஞ்சினுக்குள் காற்றை இறுக்கி அழுத்தினால் 500 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். அந்தக் கணத்தில் இஞ்செக்டர் டீஸலைப் பனிபோலத் தூவ வேண்டும். அது தானே பற்றிக்கொள்ளும். 1897-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீஸல் தமது எஞ்சினை ஓட்டிக் காட்டியபோது, எண்ணெயை உள்ளே ஊதுவதற்கே தனியாக ஒரு காற்று யந்திரம் வேண்டியிருந்தது. அதை லாரியில் எங்கே வைப்பது? 1927-ல் பாஷ் கம்பெனி கைக்கடக்கமான பம்பைத் தயாரித்து விற்ற பிறகு காரியம் சுலபமாயிற்று. அந்தக் கம்பெனியின் கூட்டுறவோடு 1951-ல் பெங்களூரில் தொடங்கியதுதான் 'மைக்கோ'. நம் லாரிக்காரர்களுக்கு அந்தப் பெயர் வெகு பரிச்சயம்.

பழைய லாரி இஞ்செக்டர் திறக்கும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு. இன்றைய வண்டிகளில் 2,000 மடங்குவரை போகிறது! துளையின் அகலமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். உள்ளே அசையும் ஊசிக்கும் அதன் உறைக்கும் நடுவே தலைமயிரில் பத்தில் ஒரு பங்குகூட இடமில்லை. கண்ணுக்குத் தெரியாத தூசியே அதைத் தேய்த்துவிடும். தண்ணீர் கலந்தால் துரு ஏறும். தூவ வேண்டியது சொட்டத் தொடங்கினால் கரும்புகை வரும், டீஸல் வீணாகும். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனே ஓட்டையாகி, எஞ்சினை இறக்க நேரும்.

ஆனால் பாட்டியின் பின்னை மட்டும் இங்கே எடுக்கக் கூடாது! குத்தினால் துளை பெரிதாகிவிடும். சோதனை யந்திரம் உள்ள பட்டறையில்தான் பார்க்க வேண்டும். நாம் செய்யக்கூடியது வருமுன் காப்பதுதான். கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன கணக்குப்படி டீஸல் ஃபில்டரை மாற்றுங்கள். அதன் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடச் சொல்லுங்கள். டாங்கி வற்றும்வரை ஓட்டவேண்டாம்; குழாயில் காற்றுப் புகுந்துவிடும். பெட்ரோல் காரிலும் இப்போது கார்புரேட்டருக்குப் பதில் இஞ்செக்டர்தான். அழுத்தம் குறைவு, ஆனால் அழுக்கு அதற்கும் ஆகாது.

இன்னொரு முக்கியமான விஷயம். இஞ்செக்டர் சீறும்போது யாரும் கைவைத்துப் பார்க்கக் கூடாது. டீஸல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். முதலில் வலிகூட அவ்வளவாக இராது. ஆயினும் விரலையே இழக்க நேரிடலாம். வீட்டுப் பிள்ளை யாராவது பட்டறையில் வேலை செய்தால் இதை அவசியம் சொல்லி வையுங்கள். அப்படி நேர்ந்தால் கழுவித் துடைத்துவிட்டுச் சும்மா இராமல், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சீட்டுப் பணம், வண்டித் தவணை, பால் கணக்கு எல்லாம் உங்கள் நோட்டில்தானே இருக்கின்றன? அதிலேயே இன்னொரு வரியும் இருக்கட்டும்: ஃபில்டர் மாற்றிய தேதி. ஐயா மறந்தாலும் நோட்டு மறக்காது!