தூக்கிவைத்த கார், தள்ளிவைத்த கார்

மாமாக் கடை மேசை ஒன்றில் கார் பிரியர்கள் நான்கு பேரை உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "தகுதிக்கு மேல் பெயர் வாங்கிய கார் எது? தகுதி இருந்தும் பெயர் வாங்காத கார் எது?" அவ்வளவுதான். தே தாரிக் ஆறிவிடும், பேச்சு ஆறாது.

ஜொகூர் பாருவில் இந்தப் பேச்சுக்குச் சூடு கொஞ்சம் அதிகம். 1986இல் பாசிர் கூடாங்கில் பந்தயத் தடம் வந்த வட்டாரம் இது. 1998இல் உலக மோட்டார்சைக்கிள் பந்தயமே அந்தத் தடத்தில் நடந்தது. போதாக்குறைக்கு வார இறுதியில் சிங்கப்பூர் எண்பலகையோடு வரும் கார்களைப் பார்த்துப் பெருமூச்சு விடும் வழக்கமும் நமக்கு உண்டு.

அந்தப் பெருமூச்சிலிருந்தே தொடங்குவோம். பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதைக் கடந்து அந்தப் பக்கம் போனால், கார் வாங்குவதற்கு முன்னால் சி.ஓ.இ என்ற உரிமத்தை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் வந்த ஏற்பாடு அது. உரிமத்துக்கு ஆயுள் பத்து ஆண்டு. அதனால் நம் ஊரில் ஓடும் அதே டொயோட்டா கொரோலாவுக்கு அங்கே பல மடங்கு விலை. பாலம் கடந்ததும் அதன் இஞ்சின் தங்கமாக மாறிவிட்டதா? இல்லை. காரின் விலையை வைத்து அதன் தரத்தை அளக்க முடியாது என்பதற்கு, நம் வாசலிலேயே நிற்கும் சாட்சி அந்தப் பாலம்.

சரி, விலை அளவுகோல் இல்லை. புகழ் அளவுகோலாகுமா? டொயோட்டா ஏஇ86 காரை எடுத்துக்கொள்வோம். 1983இலிருந்து 1987 வரை தயாரான, 1,587 சிசி இஞ்சின் கொண்ட சாதாரண ஜப்பானியக் கார். எடை குறைவு, பின் சக்கர இயக்கம், வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும் சுபாவம். நல்ல கார்தான், சந்தேகமில்லை. ஆனால் 1995இல் ஜப்பானில் 'இனிஷியல் டி' என்ற சித்திரக்கதை தொடங்கியது. தோஃபு விநியோகம் செய்யும் பையன் இந்தக் காரில் மலைப்பாதையில் எல்லாரையும் முந்திக்கொண்டு போகும் கதை. அது கார்ட்டூன் தொடராகி, 2005இல் ஹாங்காங் படமாகவும் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் காரின் விலை இறங்கவே இல்லை. துருப்பிடித்த உடம்புக்கும் ஆள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் வாங்குவது பாதி இரும்பு, பாதி கதை. இளமைக்காலக் கனவை விலை கொடுத்து வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அதைக் கனவு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

தூக்கிவைத்த கார்களில் இன்னொரு ரகம் பழைய ஜெர்மன் கார்கள். பத்துப் பன்னிரண்டு வயதாகி, புதிய மைவியின் விலைக்கும் கீழே இறங்கியிருக்கும். முதல் சம்பளம் கையில் வந்த தம்பிமார்களுக்கு அந்தச் சின்னத்தைப் பார்த்ததும் மனம் இளகும். கார் விலை இறங்கிவிட்டது, உண்மை. ஆனால் உதிரிப் பாகத்தின் விலை இறங்கவில்லையே! சாலை வரியையும் பாருங்கள். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1.3 லிட்டர் காருக்கு 70. 1.5 லிட்டருக்கு 90. 1,998 சிசி என்றால் 379. மூன்று லிட்டரை நெருங்கினால் 2,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். காருக்கு வயதாகிவிட்டதே என்று யாரும் இரக்கப்பட்டு இந்தக் கணக்கைக் குறைக்கப் போவதில்லை. அந்தக் கார்கள் மோசமானவை அல்ல. அவற்றைப் புதிதாக வாங்கியவருக்குப் பராமரிக்கவும் வசதி இருந்தது. நாம் வாங்குவது அவருடைய காரை மட்டுமே, வசதியை அல்ல.

இனி தள்ளிவைத்த பக்கத்துக்கு வருவோம்.

முதல் மரியாதை கஞ்சிலுக்கு. 1994இல் வந்த பெரோடுவாவின் முதல் கார். 659 சிசி, மூன்று சிலிண்டர். மலாய்க் கதைகளில் முதலையையே ஏமாற்றி ஆற்றைக் கடக்கும் சருகுமானின் பெயர். 2009 வரை தயாரானது. நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு மோட்டார்சைக்கிளிலிருந்து கூரைக்குள் வந்த முதல் வாகனம் அது! முன்னால் அப்பா அம்மா, பின்னால் மூன்று பிள்ளைகள், நடுவில் பாட்டி, மடியில் பலகாரச் சம்புடம். அதைப் பார்த்துச் சிரித்த கார் பிரியர்களே இன்று அதன் தம்பி கெலிசாவைத் தேடி அலைகிறார்கள். 2001இல் வந்து 2007இல் நின்றுபோன அந்தக் குட்டிக் காரைப் புதுக்கி, வர்ணம் அடித்து, கண்ணாடிபோல் வைத்திருக்கிறார்கள். விலையும் ஏறிவிட்டது. தள்ளிவைத்த கார் தூக்கிவைத்த காராக மாறுவதற்குப் பதினைந்து ஆண்டு போதும் போலிருக்கிறது.

அடுத்தது சாத்ரியா நியோ. 2006இல் வந்தது. லோட்டஸ் பொறியாளர்களின் கைபட்ட சஸ்பென்ஷன். 2011இல் அலிஸ்டர் மெக்ரே இதன் ராலி வடிவத்தை ஓட்டித்தான் ஆசிய பசிபிக் ராலி பட்டத்தை வென்றார். ஆனால் கடைவீதியில் எடுபடவில்லை. மூன்று கதவு, பின்னால் ஏறி இறங்க வித்தை தெரிந்திருக்க வேண்டும். இதில் கார் பிரியர் சொல்வதும் சரி, குடும்பத்தலைவி சொல்வதும் சரி. ஓட்டுபவருக்கு அருமையான கார், உட்காருபவருக்கு அல்ல.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மூன்றாவது கார்: புரோட்டோன் பிரிவே. 2012இல் அறிமுகமானது. ஆஸ்திரேலியாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான ஏன்கேப், 2013இல் இதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. மலேசியத் தயாரிப்பு ஒன்று அங்கே ஐந்து நட்சத்திரம் பெற்றது அதுவே முதல் முறை. மோதிப் பார்த்துக் கொடுத்த மதிப்பெண் அது. ஆனால் நம் ஊரில் என்ன பேசினார்கள்? பவர் விண்டோ ஜோக் சொன்னார்கள். சிவிடி கியர்பெட்டி பற்றிப் பயமுறுத்தினார்கள். கடைசியாக, "விற்கும்போது விலை போகாதுங்க" என்று முடித்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ஐந்து நட்சத்திரமும் உதிர்ந்துவிட்டது.

கியர்பெட்டிப் பயத்தை நான் தள்ளவில்லை. அதைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும். எனக்கு உறுத்துவது கடைசி வாக்கியம்தான். மறுவிற்பனை விலை என்பது யாருடைய மதிப்பீடு? நமக்குப் பிறகு அந்தக் காரை வாங்கப்போகும், இன்னும் நமக்கு முகமே தெரியாத ஒருவருடையது. கார்க் கடன் ஒன்பது ஆண்டு வரை போகிறது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை படிவம் மூன்றை முடிக்கும் காலம் அது. அத்தனை ஆண்டு பின் இருக்கையில் உட்காரப்போவது நம் பிள்ளை. ஆனால் காரைத் தேர்ந்தெடுப்பதோ அந்த முகம் தெரியாதவரின் விருப்பத்துக்கு!

இதற்கு மைவியே நல்ல உதாரணம். 2005இல் வந்த நாள் முதல் மலேசியாவின் செல்லப்பிள்ளை. சாலையில் அதன் வேகத்தைப் பற்றி ஆயிரம் நகைச்சுவை. கார் பிரியர்கள் அதைக் கேலி செய்கிறார்கள், பழைய கார் சந்தையோ தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. ஆனால் மைவி என்ற பெயரில் ஓடுவது ஒரே கார் அல்ல. 2005, 2011, 2017 என மூன்று தலைமுறை. ஆசியான் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை. பெயர் ஒன்றுதான் என்று முதல் தலைமுறைக் காரை அதே நம்பிக்கையில் வாங்கக் கூடாது. இன்று பழைய மைவிக்குக் கேட்கும் விலையில், அதைவிட வயது குறைந்த, உடம்பு உறுதியான, "விலை போகாத" செடான் கிடைப்பது அபூர்வமல்ல. முதல் உரிமையாளருக்கு விழுந்த நட்டம், காரை நீண்ட நாள் வைத்துக்கொள்ளப் போகும் இரண்டாம் உரிமையாளருக்கு லாபம். மூன்று ஆண்டில் மாற்றிவிடுவேன் என்பவருக்கு மட்டும் அந்தக் கணக்கு பொருந்தாது. அவர் மைவியையே வாங்கட்டும்.

அதனால், இந்த மாதம் கார் பார்க்கப் போகும் தம்பி தங்கைகளே, நாலு விஷயத்தை மனத்தில் வையுங்கள். ஒன்று, பார்க்கும் காரின் ஆண்டையும் வகையையும் சொல்லிப் பாதுகாப்பு மதிப்பெண்ணைத் தேடுங்கள். ஒரே பெயரில் வகைக்கு வகை ஏர்பேக் எண்ணிக்கை மாறும், எண்ணிப் பாருங்கள். இரண்டு, தவணையோடு சாலை வரி, காப்புறுதி, டயர், சர்வீஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அந்தத் தொகைதான் காரின் உண்மையான மாதச் செலவு. மூன்று, கடைக்காரர் காட்டும் வொர்க்‌ஷாப்புக்குப் போகாமல், உங்களுக்குத் தெரிந்த ஃபோர்மனிடம் காரைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான்கு, பின் இருக்கையில் நீங்களே பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பெல்ட் சரியாக இழுபடுகிறதா, குழந்தை இருக்கை பொருந்துகிறதா என்று பாருங்கள். பின் இருக்கை பெல்ட் 2009இலிருந்தும், குழந்தை இருக்கை 2020இலிருந்தும் சட்டப்படி கட்டாயம். ஆனாலும் கார் வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் பின் கதவைத் திறந்தே பார்ப்பதில்லை.

நம் நாட்டில் பிரிவேயையும் மிஞ்சித் தள்ளிவைக்கப்பட்டிருப்பது அந்தப் பின் இருக்கைதான் என்பேன்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்பது எந்த ரகம், தூக்கிவைத்ததா, தள்ளிவைத்ததா? எழுதுங்கள். கெலிசாக்காரர்கள் கோபித்துக்கொள்ளாமல் எழுதுங்கள்!