டிஜிட்டல் இரட்டையில் நடந்து போகிறவருக்கு இடம் உண்டா?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர் நீள்கிறது. அதற்காகச் சாலைகள் அடைக்கப்படுகின்றன, பேருந்துகள் வேறு தெருக்களில் திருப்பிவிடப்படுகின்றன. நெரிசல் எங்கே இடம் மாறும், எந்த நிறுத்தத்தில் கூட்டம் சேரும் என்பதை முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது. நகரத்தின் சாலை, சிக்னல், பேருந்து, ரயில் அனைத்தையும் கணினியில் உருவாக்கி, களத்திலிருந்து வரும் தகவலால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் ‘டிஜிட்டல் இரட்டை’. சென்னைக்கு இது தேவை. ஆனால், அதில் யாரை எண்ணப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

சிங்கப்பூர் 2014-இல் அறிவித்த முப்பரிமாண நகர மாதிரிக்கு 7.3 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியது. அந்தப் படத்தின் அழகைப் பலரும் வியக்கிறார்கள்; போக்குவரத்துத் திட்டமிடலுக்கு அதைவிடப் பெரிய சொத்து அங்கே பயண அட்டைதான். பயணி ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தட்டுவதால், எத்தனை பேர் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. சென்னையில் ஷேர் ஆட்டோவுக்கு டிக்கெட் கிடையாது. நடப்பவருக்கு எந்தப் பதிவும் கிடையாது. சிக்னல் கேமரா எண்ணுவது வாகனங்களை. அதை மட்டும் நம்பினால், அறுபது பேர் செல்லும் பேருந்தும் ஒருவர் ஓட்டும் காரும் ஒரே கணக்கில் விழும். வாகன வேகத்தையே இலக்காக வைத்தால், சாலையைக் கடக்க நிற்பவரை இன்னும் அதிக நேரம் காக்க வைப்பதுதான் ‘சிறந்த’ தீர்வாக வரும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குத் தரப்படும் இலவச டிக்கெட் இங்கே பெரிய உதவி. கட்டணம் இல்லாவிட்டாலும் பயணம் பதிவாகிறது.

நடைபாதை சரியில்லை என்று சொல்ல மென்பொருள் எதற்கு என்று கேட்பது நியாயம். அந்த வேலை எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. ஆனால், ஒரு மெட்ரோ நிலையம் திறந்ததும் எந்தப் பேருந்துத் தடத்தை மாற்றினால் யாருக்கு இழப்பு என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. அந்தரங்கம் பற்றிய அச்சமும் உண்மையானது. 2014-இல் வெளியான நியூயார்க் டாக்ஸித் தரவில் மறைக்கப்பட்டிருந்த வண்டி எண்களை எளிதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். திட்டமிடலுக்குத் தனிமனிதரின் தடம் வேண்டியதில்லை. பகுதிவாரியாக, மணிவாரியாக எண்ணிக்கை போதும். விரும்பிய முடிவைக் கணினியைச் சொல்லவைக்கலாமே என்ற சந்தேகத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடத்தில் ஒரு நிலையம் திறக்கும் முன்பே அனுமானங்களையும் கணிப்பையும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் வெளியிடட்டும். ஆறு மாதம் கழித்து நடப்பவர்களையும் சேர்த்து எண்ணி, கணிப்பு எங்கே தவறியது என்பதையும் அதே இடத்தில் வெளியிடட்டும்.