பாட்டனாரின் பென்ஷன் காகிதம்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரங்களில் “பட்டாளத்தார் வீடு” என்று பெயர் பெற்ற வீடுகள் இன்றும் சில உண்டு. பட்டாளத்துக்குப் போனவர் எந்தப் படையில் சேர்ந்தார், எங்கே போரிட்டார், எப்போது திரும்பினார் என்று கேட்டால் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிவதில்லை. “பஸ்ராவுக்குப் போனாராம், திரும்பி வந்து பென்ஷன் வாங்கினாராம்” என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஓட்டு வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பும் இந்நாளில், பரண்மேல் கிடந்த டிரங்குப் பெட்டியும் பழைய இரும்பு வாங்குகிறவரின் வண்டியில் ஏறிவிடுகிறது. அப்பெட்டியின் அடியில் மடிந்து கிடக்கும் பென்ஷன் காகிதத்தைப் பற்றியே இம்மாதம் நம் வாசகர்களோடு சற்றுப் பேச விழைகிறோம்.

நம் பகுதிக்கும் படைக்கும் உள்ள உறவு பழையது. கும்பினியார் காலத்திலேயே பூந்தமல்லியில் கோட்டையும் பாளையமும் இருந்தன. வெள்ளைப் படையினர் நோய் தீர்ந்து உடல் தேறும்வரை தங்கிய முகாமாகவும் அவ்வூர் விளங்கிற்று. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் பாளையங்கள் இருந்தமை யாவரும் அறிந்ததே. இரண்டாம் உலகப் போரில் ஆவடி பெரியதொரு படைத்தளமாயிற்று. 1960-களில் அங்கே டாங்கித் தொழிற்சாலை எழுந்தது. இத்தனை தலைமுறைப் படைவீரர்கள் வாழ்ந்து மறைந்த வட்டாரத்தில், அவர்களுடைய வரலாறு மட்டும் வாய்ச்சொல்லாகவே தேய்ந்து வருகிறது.

பென்ஷன் காகிதத்திற்கு அப்படி என்ன சிறப்பு என்று கேட்கலாம். பணம் கொடுப்பவனுக்கு எப்போதும் ஐயம் உண்டு. பென்ஷன்காரர் இறந்த பின்னும் அவர் பெயரால் வேறொருவர் வந்து தொகை பெற்றுப் போகக்கூடும் அல்லவா? ஆகவே சர்க்கார் அவருடைய உயரத்தை அளந்து எழுதிற்று. தழும்பு, மச்சம் முதலிய அங்க அடையாளங்களைக் குறித்தது. ஊர், தகப்பன் பெயர், சேவை ஆண்டுகள் ஆகியவற்றையும் பதிந்தது. வங்காளத்தின் ஹூக்ளியில் 1877-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, பென்ஷன் பெற வருவோரிடம் விரல் ரேகை வாங்கும் முறையைப் புகுத்தினார். கைரேகையைக் குற்றவாளிகளோடு சேர்த்தே நினைக்கப் பழகிய நமக்கு, அது பென்ஷன்காரர்களின் வரிசையிலும் தொடங்கியது என்பது வியப்பாகத்தான் இருக்கும். நிழற்படம் ஏதும் எடுத்துக்கொள்ளாத ஓர் ஏழைச் சிப்பாயின் உருவத்தை ஓரளவேனும் நமக்குக் காட்டுவது, சர்க்காரின் இந்த ஐயமே.

இவ்வகையில் பிரிட்டிஷ் படைவீரர்களின் வழிவந்தோர் பேறு பெற்றவர்கள். 1682-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் லண்டனுக்கு அருகே செல்சியில் முதிய படைவீரர்களுக்காக ஓர் இல்லம் நிறுவினார். பென்ஷன்களையும் அந்நிலையமே வழங்கி வந்தது. அதன் வழியே சேர்ந்த 1760 முதல் 1913 வரையிலான படைவீரர் ஆவணங்கள் கியூ நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிறந்த ஊர், முன்பு செய்த தொழில், கண்ணின் நிறம், நன்னடத்தை, தண்டனை, விலகிய காரணம் யாவும் அவற்றில் காணலாம். ஆயின் 1883-க்கு முன் பென்ஷனோடு விலகியவர்களின் காகிதங்களே பெரும்பாலும் அங்குண்டு. பணியிலேயே மாண்டவனுக்கு அத்தொகுப்பில் இடமில்லை. கும்பினியின் சொந்த வெள்ளைப் படையினரைப் பற்றிய ஏடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இந்தப் படையினருள் அயர்லாந்துக் கத்தோலிக்கர் பலர். சென்னையின் பழைய ஐரோப்பியப் பட்டாளம் ஒன்று பிற்காலத்தில் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1922-இல் கலைக்கப்பட்டது. நம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் சில, தங்கள் மூதாதையரை இவ்வேடுகளில் தேடிக் காண முடியும்.

பென்ஷன் காகிதத்தின் அருமையைக் காட்ட இன்னொரு செய்தியும் உண்டு. 1940 செப்டம்பரில் லண்டன்மேல் வீசப்பட்ட குண்டுகளால், முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் படைவீரர் ஆவணங்களில் பாதிக்கு மேல் எரிந்து சாம்பலாயின. எரிந்தவற்றுள் ஒரு பகுதிக்கு ஈடு செய்தவை பென்ஷன் துறையினரிடம் தனியே இருந்த காகிதங்களே. அவற்றை ‘எரியாத ஆவணங்கள்’ என்றே அழைக்கிறார்கள்.

இனி நம் தமிழ்ச் சிப்பாயின் நிலையைப் பார்ப்போம். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் ஜெர்மானியரோடு பொருதிய படைகளுள் பாளையங்கோட்டைப் படையும் இருந்தது. மெசபடோமியாவில் மதராஸ் சாப்பர்கள் பாலம் கட்டினர், பாதை அமைத்தனர், மடிந்தனர். பஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷாரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் அங்கே வெறும் எண்ணிக்கையாக நின்றனர். போர்க் கல்லறைகளைப் பேணும் ஆணையமே, இவ்வாறு இந்தியரும் ஆப்பிரிக்கரும் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டில், லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பஞ்சாப் வீரர்களின் ஏடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரம் ஊர்வாரியாக அவற்றில் உள்ளது. நம் சென்னை மாகாணச் சிப்பாய்க்கு அத்தகைய தொகுப்பு ஒன்று கைக்கு எட்டும்படி அமையவில்லை. ஆகவே குடும்பத்தில் உள்ள காகிதம் அவனுக்கு இருமடங்கு இன்றியமையாதது. இதை நாம் அழுத்தியே கூறுகிறோம்.

தேட விரும்புவோர் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அறிந்திருப்பது நன்று. கும்பினி காலத்து இராணுவத் துறை ஏடுகள் அங்குள்ளன. பிற்காலத்துப் படைவீரரைப் பற்றி அவரவர் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கே எழுதிக் கேட்க வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், சாப்பர்களுக்குப் பெங்களூர். எழுதும்போது படை எண்ணைக் குறிப்பிடாவிட்டால் தேடுதல் மிகக் கடினம். ஒரே பட்டாளத்தில் எத்தனை அந்தோணிகள், எத்தனை முனுசாமிகள்!

பெயர்தான் பெரும் இடர். சேர்க்கை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். சவரிமுத்து ஒரு காகிதத்தில் சவரி, மற்றொன்றில் சேவியர். ஊர்ப்பெயர் அடையாளம் தெரியாதபடி சிதைந்திருக்கும். இவ்விடத்தில் பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நான, திருமண, மரண ஏடுகள் பெருந்துணை புரியும். தகப்பன் பெயரையும் தேதியையும் ஒத்துப் பார்த்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிப்பது புலனாகும்.

இது பழங்கதை ஆராய்வோருக்கு மட்டும் உரியதன்று. படைவீரரின் திருமணமும் பிள்ளைகளின் பிறப்பும் படைப்பிரிவின் பதிவில் ஏறியிருந்தால்தான், அவர் இறந்த பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் தடையின்றிக் கிடைக்கும். வீட்டில் ‘சின்னப்பொண்ணு’ என்று அழைக்கப்பட்டவர், கோயில் ஏட்டில் ‘மதலேன்மேரி’, படை ஏட்டில் வெறும் ‘மேரி’ என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்று எழுபது வயதில் அவர் அலுவலகம் அலுவலகமாக நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். கணவர் உயிரோடிருக்கையிலேயே ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பார்த்து, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக உள்ளனவா என்று சோதித்துக்கொள்வது ஒரு மாலைப்பொழுதின் வேலை. நம் ஆண்மக்களில் பலர் மனைவியிடம் அந்தக் காகிதத்தைக் காட்டுவதே இல்லை என்பது நம் எண்ணம்.

காகிதம் செல்லரித்துப் போனவர்கள் பதக்கம் ஏதேனும் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். முதல் உலகப் போரில் பணியாற்றிய இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளியிலும், படையோடு சென்ற தொழிலாளிக்கும் சமையற்காரனுக்கும் வெண்கலத்திலும் பதக்கம் தந்தார்கள். வெள்ளியாயிற்றே என்று அதை உருக்கி மகளுக்குக் கொலுசு செய்து போட்டவர்களும் உண்டு. உருக்காமல் மிஞ்சியிருந்தால், மன்னர் முகம் பொறித்த பக்கத்தை விட்டுவிட்டு, விளிம்பை மெல்லத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். சிறிய எழுத்துகளில் எண், பதவி, பெயர், பட்டாளம் ஆகியவை வரிசையாகத் தெரியும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கடிதத்தைத் தொடங்கலாம்.