கந்தப்ப பிள்ளையின் சாட்சி

பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ்களில் இப்போதெல்லாம் குருவின் படத்துக்குத் தனி இடம் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் நட்டுவனார்களுக்கு அந்த பாக்கியம் இல்லை. ஆடியவர் பெயர் நிற்கும். தாளக் கட்டையோடு ஓரத்தில் இருந்தவர் பெயர் சிஷ்யை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பிழைக்கும். அப்படிப் பிழைத்த பெயர்களில் ஒன்று கந்தப்ப பிள்ளை. நினைவில் வைத்துக்கொண்டவர் டி. பாலசரஸ்வதி.

சென்னையில் 1918ல் பிறந்த பாலாவுக்கு வீட்டில் இசைக்குக் குறைவில்லை. பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள் பாடகி. ஆனால் நடனம் வேறு சமாச்சாரம். தேவதாசி முறைக்கு எதிரான குரல் வலுத்துக்கொண்டிருந்த காலம் அது. பெண்ணை ஆட்டத்துக்கு அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்ற கவலை உறவினர்களுக்கு இருந்தது. கோயிலில் ஆடிய மயிலாப்பூர் கௌரி அம்மாளைப் பார்த்துவிட்டு, ஆடியே தீருவேன் என்று அடம் பிடித்த குழந்தையின் பக்கம் நின்றவர் ஜெயம்மாள். தேடிக் கிடைத்த வாத்தியார்தான் கந்தப்ப பிள்ளை. இன்று மேடைகளில் பார்க்கும் கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வரின் வழிவந்தவர் அவர். நெல்லையப்ப நட்டுவனாரின் மகன்.

அவர் கண்டிப்புக்குப் பேர் போனவர். பயிற்சி தொடங்கியபோது பாலாவுக்கு நாலு வயதுதான். அரைமண்டியில் உட்கார வேண்டும். தட்டு மனையில் விழும் தட்டுக்கழியின் ஓசைக்குக் கால் தட்ட வேண்டும். பிசகினால் மறுபடி முதலிலிருந்து. மூன்று ஆண்டுகள் கழித்து, 1925ல், காஞ்சிபுரத்தில் ஒரு அம்மன் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. அப்போது அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கண்டிப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடித்துச் சொல்லிக்கொடுத்தால்தான் கலை வரும் என்று நியாயப்படுத்தவும் இது உதவுகிறது. ஆனால் கண்டிப்பான வாத்தியார்கள் ஊருக்கு நூறு பேர் இருந்தார்கள். வளர்ந்த பிறகு சிஷ்யர்கள் அவர்கள் எல்லோரையும் அன்போடு நினைத்துக்கொண்டதில்லை. கந்தப்ப பிள்ளையை பாலா நினைத்ததற்குக் காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தை 1975ல் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் பாலா நிகழ்த்திய தலைமை உரையில் தேடலாம். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசையை, கோபுர வாசலில் நுழைந்து மண்டபங்களைக் கடந்து கர்ப்பக்கிரகம் வரை போவதற்கு அவர் ஒப்பிட்டது அந்த உரையில்தான். பழைய முறை ஆடுகிறவரைக் கட்டிப்போடுவதில்லை, கற்பனைக்கு முழுச் சுதந்திரத்தையும் அதுதான் தருகிறது என்பது அவருடைய வாதம். தாளம் உடம்பில் ஊறிவிட்டால், கால் என்ன செய்கிறது என்று யோசிக்க வேண்டியதில்லை. மனசு பாட்டின் பின்னால் போகலாம். ஒரே வரிக்கு வெவ்வேறு பாவங்களை அந்த நேரத்தில் தோன்றியபடி பிடித்த பாலாவின் அபிநயத்துக்கு அடியில் இருந்தது, சிறுவயதில் ஏறிய இந்தத் தாளக் கணக்குதான். அபிநயத்தை அவர் கௌரி அம்மாளிடமும் சின்னய்யா நாயுடுவிடமும் கற்றுக்கொண்டார். கந்தப்ப பிள்ளை போட்டது அஸ்திவாரம்.

இந்த உறவு நெடுநாள் நீடிக்கவில்லை. உதயசங்கர் இமயமலை அடிவாரத்தில் அல்மோராவில் தொடங்கிய கலை மையத்தில் பரதநாட்டியம் கற்பிக்க கந்தப்ப பிள்ளை போனார். கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமுபி சிங் என்று பெரிய ஆசான்கள் கூடியிருந்த இடம் அது. 1941ல் கந்தப்ப பிள்ளை காலமானார். வயது 42. சிஷ்யைக்கு 23.

அடுத்து வந்தவை பாலாவுக்குக் கஷ்டமான ஆண்டுகள். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அநீதியான ஒரு வழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி. அதே சமயம், அந்தக் கலையைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்களைச் சமூகம் ஓரம் கட்டியது. மற்ற வீட்டுப் பெண்கள் அதே அடவுகளைக் கற்றுக்கொண்டு மேடை ஏறிய காலமும் அதுதான். பாலா கசப்போடு ஒதுங்கிவிட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் ஒதுங்கவில்லை. 1953ல் மியூசிக் அகாடமி ஆதரவில் நடனப் பள்ளி தொடங்கியபோது அவரோடு நின்றவர் கந்தப்ப பிள்ளையின் மகன் கணேசன். தகப்பனாரின் தட்டுக்கழி மகன் கைக்கு வந்தது. குருவுக்கு பாலா செய்த மரியாதைகளில் இதைவிடப் பெரியது இருக்க முடியாது.

சத்யஜித் ராய் 1976ல் 'பாலா' என்ற ஆவணப்படத்தை எடுத்தபோது அவருக்கு 58 வயது. உடம்பு கனத்திருந்தது. ஆனால் தாளத்தின்மீது இருந்த பிடி தளரவில்லை. 35 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு மனிதரின் பாடம் அந்தக் கால்களில் உயிரோடு இருந்தது. பாலாவும் 1984ல் மறைந்தார்.

கந்தப்ப பிள்ளைக்கு பாலா கிடைத்தார். மற்றவர்களுக்கு? திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் பம்பாய் போய், மாட்டுங்காவில் 1945ல் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரை நிறுவினார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒற்றை அறையில், பாய் விரித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன ஆசிரியர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டெல்லியிலோ புனேயிலோ சனிக்கிழமை சாயங்காலம் டான்ஸ் கிளாஸ் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார், அவருடைய டீச்சர் யார் என்று கேட்டு வரச் சொல்லலாம். கிடைக்கும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். செலவில்லாத காரியம். அடுத்த அழைப்பிதழில் இரண்டு வரி இடம் ஒதுக்கினால் போதும்.