சான்றிதழ் கேட்கும் அரசு சம்பளத்தையும் சொல்லட்டும்

பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டும் கதையும் சொல்லி, நிறமும் வடிவமும் பழக்குகிறார் அங்கன்வாடி டீச்சர். அதற்கிடையே எடை பார்த்து, விவரங்களை போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றி, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவும் கொடுக்கிறார். பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. ஆனாலும், மத்திய அரசின் கணக்கில் அவர் இன்றும் ‘மதிப்பூதியம்’ பெறும் தொண்டர். 2018-இல் அந்தத் தொகை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆனது. அதையும் மத்திய, மாநில அரசுகள் பங்குபோட்டுத் தருகின்றன.

அவரைத்தான் இப்போது படிக்கச் சொல்கிறார்கள்.

பிளஸ் டூ முடித்தவருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. வேலை கெடாமல் டிவி, செல்போன் வழியே படிக்கலாமாம். அதாவது வீட்டு வேலையும் முடிந்த பிறகு, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு! பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பது தனித் திறன். அதை முறையாகக் கற்கத்தான் வேண்டும். கற்று முடித்தவருக்கு என்ன சம்பளம் என்பதை மட்டும் அந்தக் கொள்கை சொல்லாமல் விட்டுவிட்டது.

இத்தனைக்கும் 3 முதல் 8 வயது வரை ஒரே ‘அடித்தள நிலை’ என்று வகுத்ததும் அதே கொள்கைதான். அங்கன்வாடியும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பும் அதற்குள் அடங்கும். சிறு வகுப்பில் இருப்பதாலேயே ஓர் ஆசிரியருக்குச் சம்பளமோ பதவி உயர்வோ தடைபடக் கூடாது என்றும் அது கூறுகிறது. ஆனால், அங்கன்வாடி டீச்சரை அந்த வரியில் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டிலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். 2025-இல் அங்கன்வாடிப் பணிக்கு ஆள் எடுத்தபோது 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி கேட்டார்கள். முதல் ஓராண்டுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அரசுப் பள்ளி எல்கேஜி, யுகேஜி வகுப்புகளுக்கு 2022-இல் தற்காலிக ஆசிரியர்களை நியமித்தபோது, ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கே மாதம் 5,000 ரூபாய்தான் தரப்பட்டது. படித்து வந்தாலும் கிடைப்பது இவ்வளவுதான் என்றால், வேலைக்கு நடுவே எதை நம்பிப் படிப்பது?

அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மையங்களில் முன்பருவக் கல்வி நடப்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் கண்ட கல்விப் பணி, சம்பளம் நிர்ணயிப்பவர்கள் கண்ணிலும் பட வேண்டும். தகுதியை உயர்த்தும் அரசாணையிலேயே ஊதிய உயர்வையும் எழுதுங்கள். பயிற்சி நாள்களைப் பணி நாள்களாகக் கணக்கிடுங்கள். அந்த நாள்களில் மையத்துக்கு மாற்று ஆளை அனுப்புங்கள். அதன்பிறகு சான்றிதழ் கேளுங்கள்.