மேய்க்கால் போனால் ஊருணியும் போகும்!



ஊருக்கு மேற்கே கிடக்கிற மேய்க்கால் புறம்போக்கைக் காட்டி, "சும்மாதானே கிடக்கு, ஏதாவது ஒரு திட்டம் வந்தா என்ன?" என்று கேட்கிறவர்கள் இப்போது நம் ஊர்களிலேயே பெருகிவிட்டார்கள். அரசாங்க ஏட்டிலும் அதற்குப் பேர் தரிசு, புறம்போக்கு. வரி வராத நிலம் என்று வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கில் ஏறிய பேர். வரி வராது, சரி. தண்ணீர் வருகிறதே!

ஐப்பசியில் நல்ல மழை பெய்யும்போது அந்த மேட்டில் போய் நின்று பாருங்கள். சரளையும் புல்லுமாக இருக்கிற தரையில் விழுகிற தண்ணீர் கொஞ்சம் உள்ளே இறங்கி நம் கிணறுகளுக்குப் போகிறது. மிச்சம் வரத்துக்கால் வழியாக ஊருணிக்கு வருகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குகிறோம், கால் கழுவக்கூட விடமாட்டோம். அப்படிக் காப்பாற்றுகிற ஊருணிக்குத் தண்ணீர் தருகிற மேட்டை மட்டும் கேட்க நாதியில்லாமல் விட்டால், கரையைக் காவல் காத்து என்ன பிரயோசனம்?

இதை எங்க ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருஷங்களுக்கு முன்னால், ரோடு வேலைக்குக் கிராவல் வேண்டும், மேலாக ஒரு அடி மட்டும் அள்ளிக்கிறோம் என்று ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். கோயில் திருப்பணிக்கும் ஏதோ தருவதாகச் சொன்னார். ஆட்சேபணை இல்லை என்ற தாளில் ஊர்ப் பெரியவர்களோடு நானும் கையெழுத்துப் போட்டேன். சங்கச் செயலாளர் என்று பேர்! ஒரு அடி என்றது ஆள் மூழ்குகிற பள்ளம் ஆச்சு. அடுத்த மழைக்குத் தண்ணீர் அந்தப் பள்ளங்களிலேயே நின்றுபோனது, வரத்துக்கால் காய்ந்து கிடந்தது, ஊருணி பெருகவில்லை. இன்றைக்கு வேன்காரர் ஹாரன் அடித்தால் எங்க வீட்டுப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குடத்துக்கு இத்தனை என்று காசு. அந்தக் கையெழுத்துக்கு என் வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

காட்டு ஜீவன்களைப் பற்றிப் பேசினால் நம் ஆட்களுக்கே கோபம் வரும். மயில் கடலையைக் கொத்துது, பன்றி கிழங்கைத் தோண்டுது. நியாயமான கோபம்தான், நஷ்டஈடு கேட்டு நாமும் மனு கொடுத்தபடிதான் இருக்கிறோம். ஆனால் மேட்டில் புதர் இருந்த காலத்தில் முயலும் கௌதாரியும் உடும்பும் அங்கேயே கிடந்தன. நரி ஊளை கேட்காத ராத்திரி இல்லை. நரி உள்ள ஊரில் மயில் முட்டை தங்காது என்று நம் தாத்தாக்கள் சொல்வார்கள். புதரை அழித்தோம், நரி போச்சு. இருக்க இடமில்லாதது வயலுக்குத்தானே வரும்?

மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், சுமார் 250 வகைப் பறவைகள், தேவாங்கு, அலங்கு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் 193.42 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று தமிழக அரசு அறிவித்தது. அப்படியிருந்தும் 2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு ஏலம் விட்டது! சுற்றுப்பட்டு ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7-ல் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குப் புறப்பட்டார்கள். அதே மாதம் 23-ம் தேதி ஏலம் ரத்து.

அங்கே ஊர் விழித்திருந்தது. நம்ம ஊரில்? தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் 2023-ல் நிறைவேறி, 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு திட்டத்துக்குள் ஓடையோ ஏரியோ வாய்க்காலோ அகப்பட்டால், அதையும் சேர்த்துச் சிறப்புத் திட்டமாக அறிவிக்க வழி செய்கிற சட்டம். இதைத் திரும்பப் பெறு என்பதுதான் நம் முதல் கோரிக்கை.

ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று, ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பில் நிலமற்ற கூலிகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அரசு கொடுத்த இடங்களுக்கு விலக்கும் இருக்கிறது. ஆகவே மேட்டோரம் குடிசை போட்ட ஏழையோடு நமக்குச் சண்டை இல்லை. கம்பி வேலி போட்டவரோடுதான் சண்டை.

கிராம நிர்வாக அலுவலரிடம் நம் ஊர் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். மேய்க்கால் இன்னும் மேய்க்காலாகவே இருக்கிறதா, வகைப்பாட்டை மாற்றிவிட்டார்களா? வரத்துக்கால் எந்தப் புல எண்ணில் போகிறது? அந்த எண்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கிராம சபையில், இந்த நிலங்களை வேறெதற்கும் கொடுக்கக்கூடாது என்று எண் போட்டுத் தீர்மானம் எழுத வைக்க வேண்டும். பெண்கள் அவசியம் வர வேண்டும். குடம் சுமக்கிறவர்கள் அவர்கள். தீர்மான நகலைக் கையில் வாங்காமல் யாரும் எழுந்திருக்க வேண்டாம்.

அதற்குள் யாராவது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், வாங்கிச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். தனியாகப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டது போதும்.